மனு போய்ச் சேர்ந்த இடம்

செங்கமலம் கலெக்டர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்த மனு, ஒரு மாதம்கூட ஆகாமல் சீயாந்தாங்கல் டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பால் வாங்கப் போனவள் அதைத் தன் காதாலேயே கேட்டாள்.

கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒன்றியக் கவுன்சிலர் ஜீவானந்தம். வெள்ளைச் சட்டைப் பையில் செல்போன் துருத்திக்கொண்டிருக்க, ஒரு ஜெராக்ஸ் தாளைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"'மேற்படியார் பொதுக்குழாயடியில் வைத்து மேற்படி இசக்கிசெல்வியைக் கன்னத்தில் அறைந்ததோடு, எழுத்தில் வடிக்க இயலாத வார்த்தைகளால் ஏசி...' ஏம்பா, இன்னாத்துக்கு இயலாது? என்னிய வந்து கேட்டிருந்தா நானே சொல்லிக்கீறேனே, எழுதிக்கினு போவட்டும்."

பெஞ்சு சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். செங்கமலத்தைப் பார்த்ததும் அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குவளைக்குள் பார்த்தான்.

"வா யக்கா," என்றான் ஜீவானந்தம். "உன் கையெழுத்து குண்டு குண்டா நல்லா கீது. எட்டாவது வரிக்கும் படிச்சல்ல நீ?"

"அந்தப் பேப்பரு உன் கைக்கு எப்பிடி வந்துச்சு?"

"என் மேல குடுத்த மனு என்கிட்ட வராம எங்க போவும்? நீ கலெக்டர்கிட்ட குடுத்த. கலெக்டரு யூனியனுக்கு அனுப்புனாரு. யூனியன்ல, 'உங்க ஏரியா மேட்டரு தலைவரே, இன்னான்னு பாத்து ஒரு பதில் அனுப்புங்க'ன்னு எனக்கு அனுப்பிச்சாங்க. நான் பாத்துகினுகீறேன்."

பெஞ்சில் ஒருவன், "மேற்படியாருக்கு இன்னொரு டீ போடுப்பா," என்றான். அன்றிலிருந்து ஊருக்குள் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. செங்கமலம் தெருவில் போனால் விடலைகள், "மேற்படியம்மா போவுது" என்றார்கள்.

பாலை வாங்காமலே திரும்பினாள். அவளுக்கு வந்த கோபத்தில் நடை தாறுமாறாக விழுந்தது. அவன் படித்துச் சிரித்ததுகூடப் பெரிதில்லை. கீழே பதிமூன்று பிள்ளைகள் போட்ட கையெழுத்தும் அந்த ஜெராக்ஸில் இருந்ததே, அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

*

மழை ஏமாற்றிய இரண்டாவது கோடை அது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஒரகடம் பக்கம் லாரிகள் கிளப்பிய செம்மண் புழுதி காலையிலிருந்து இரவுவரை அடங்காது. காயப்போட்ட துணியை உதறினால் முகத்தில் அடிக்கும். ஊர்க் கிணறுகள் எல்லாம் தரை தெரிய வற்றிப்போய், பஞ்சாயத்து போர்வெல்லிலிருந்து டேங்குக்கு ஏற்றும் தண்ணீர்தான் எல்லாருக்கும். காலையில் ஒரு மணி நேரம் குழாய் திறப்பார்கள். அதுவும் நூல் போலத்தான் வரும்.

தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் செங்கமலத்தின் புருஷன் அண்ணாதுரை வீட்டுக்குப் பின்னால் ஆறு ரூம் வரிசையாகக் கட்டி, மேலே கல்நார் ஓடு போட்டிருந்தான். ஆறிலும் தெற்கத்திப் பிள்ளைகள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள். நாலு ரூமில் பையன்கள், இரண்டில் பெண்கள். ஊரில் பாதி வீடு இப்படித்தான் பிழைத்தது. ஜீவானந்தமும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரூம் கட்டியிருந்தான். முப்பது ரூம், மாடியோடு. அங்கே இருந்த பிள்ளைகளுக்குத் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. டேங்கிலிருந்து தனிக் குழாய் ஒன்று நேராக அங்கே போயிற்று. அதை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆள் அனுப்புகிறவனும் அவன்தான். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையாவது அவன் வார்த்தையில் உள்ளே போனதாக இருக்கும். கேண்டீனிலோ, கேட்டிலோ, பஸ்ஸிலோ.

குழாயடிக்கு ஒரு சட்டம் இருந்தது. அதுவும் ஜீவானந்தம் வைத்ததுதான். குடங்கள் இரண்டு வரிசையாக வைக்க வேண்டும். முதலில் ஊர்க் குடம். ஊர்க் குடம் எல்லாம் நிரம்பிய பிறகுதான் வாடகைக் குடம். பெரும்பாலும் வாடகைக் குடத்துக்கு முறை வரும்போது குழாய் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஊர்ப் பெண்களுக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், செங்கமலத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது. இசக்கிசெல்வி அடி வாங்குகிற வரைக்கும்.

இசக்கிசெல்விக்கு இருபது வயதிருக்கும். காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டு பலகையில் ஒயர்களை வரிசைப்படுத்தி டேப் சுற்ற வேண்டும். விரல் நுனியெல்லாம் டேப் பசை கறுத்து, சோற்றைப் பிசையும்போதுகூடப் போகாது. அவளும் மாடத்தியும் ஒரே ரூம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைப்பார்கள். ஷிப்ட் முடிந்து வர நேரமானால் செங்கமலம் குழம்பு கொடுப்பாள்.

"அக்கா, இது சாம்பாரா ரசமா?" என்பாள் மாடத்தி. "முகம் தெரியுது இதுல."

"உங்கூர்ல இன்னாடி, தேங்காய அரைச்சு ஊத்தினா அதுதான் கொழம்பா?"

"அரைச்சு ஊத்திப் பாருங்களேன். அண்ணாச்சி ராத்திரி ரெண்டாந்தடவ சாப்புடுவாவ."

இசக்கிசெல்வி அடி வாங்கிய அன்றைக்குச் செங்கமலத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. நைட் ஷிப்ட் முடித்துவந்த இசக்கிசெல்வி, சீருடையைக்கூட மாற்றாமல், "நீங்க படுங்கக்கா, நான் புடிச்சாறேன்," என்று செங்கமலத்தின் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு போனாள். செங்கமலத்தின் குடம் என்பதால் ஊர் வரிசையில் வைத்தாள். அது சரிதானே என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்தது.

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜீவானந்தம் டேங்க் பக்கம் நின்று, தன் ரூமுக்குப் போகிற குழாயில் வேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் முணுமுணுத்தார்கள். இசக்கிசெல்வி முணுமுணுக்காமல் சத்தமாகவே சொல்லிவிட்டாள். "அண்ணாச்சி, உங்க ரூமுக்குப் போற பைப்பக் கொஞ்சம் அடைச்சியன்னா இங்க வரும்லா?"

அவ்வளவுதான். அவன் வந்து, வாடகைக்காரி எப்படி ஊர் வரிசையில் நிற்கலாம் என்று கேட்டு, பதில் வருமுன் கையை வீசினான். குடத்தோடு விழுந்தாள். அவள் பிறந்த ஊரையும் பெற்றவளையும் சேர்த்து அவன் திட்டியதைக் கொல்லைக் கட்டிலில் படுத்திருந்த செங்கமலம் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பெண் இடது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, விழுந்த குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன்னுடையதைக் குழாயடியில் வைத்தாள்.

காது ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் காதில் எந்நேரமும் வண்டு ரீங்கரிக்கிறது என்று இசக்கிசெல்வி சொன்னாள். லைனில் நிற்கும்போது சூப்பர்வைசர் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை, அதற்கும் ஏச்சு.

*

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனார்கள். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மக்கள் பிரதிநிதிம்மா. எடுத்தவுடனே கேஸ் போட முடியாது. பேசிப் பாப்போம்," என்று இவர்கள் எதிரிலேயே போன் போட்டார். "தலைவரே, வணக்கம். உங்க ஊர்லருந்து ரெண்டு லேடீஸ் வந்துருக்காங்க..." போனை வைத்த பிறகு, கவுன்சிலர் மேல் புகார் என்றால் கலெக்டரிடம் கொடுப்பதுதான் முறை என்றார்.

சரி, கலெக்டரிடமே கொடுப்போம் என்று செங்கமலம் வீடு வீடாக ஏறினாள். ஒரு கையெழுத்துகூட விழவில்லை. குழாயடியில் இசக்கிசெல்விக்கு அடுத்து நின்ற கங்கம்மாள் வாசலில் வைத்தே சொன்னாள்.

"நான் குனிஞ்சிகினு இருந்தேன் செங்கமலம். சத்தம்தான் கேட்டுச்சி."

"சத்தம் கேட்டுச்சின்னு போடு."

"இன்னா சத்தம்னு கேட்டா? குடம் வுழுந்த சத்தமாக் கூட இருக்கும்."

"உன் நெஞ்சத் தொட்டு சொல்லு கங்கா."

"நெஞ்சத் தொட்டுகினு நான் சொல்லிருவேன். எம் புள்ள கேண்டீன்ல கீறான். நாளைக்கு அவன நிறுத்திட்டா நீ சோறு போடுவியா? உனக்கு வாடகை வருது, நீ பேசற."

பிறகுதான் ரூம் பிள்ளைகள் வந்தார்கள். ஷிப்ட் விட்டு வந்த களைப்போடு வாசலில் கூடி, "எங்க கை என்ன தேஞ்சா போவும், நாங்க போடுதோம்க்கா," என்று மாடத்தி ஆரம்பிக்க, பையன்களும் பெண்களுமாகப் பதிமூன்று பேரும் போட்டார்கள். மேலே மனுதாரராக இசக்கிசெல்வி. அவளுக்குக் கீழே செங்கமலம். செங்கமலத்துக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊர் இல்லாவிட்டால் என்ன, இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஊரில் அவளைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவர்தான், கையெழுத்துகளுக்கு மேலே விட்டுவைத்திருந்த இடத்தில், 'மேற்படியார்' எல்லாம் போட்டு எழுதினார். வரிசை நகர்ந்து அவள் முறை வந்ததும் கலெக்டர் மனுவை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். ஓரத்தில் பச்சை மையில் என்னவோ கிறுக்கினார். "விசாரிக்கச் சொல்றேம்மா," என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அதை நம்பி, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

*

டீக்கடையில் மனு படிக்கப்பட்ட அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே அண்ணாதுரை சொன்னான்.

"என்னிய மெயின் கேட்லருந்து மாத்திட்டானுங்க."

அவன் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. ஏஜென்சி ஜீவானந்தத்தின் மச்சானுடையது.

"எங்க?"

"ஸ்கிராப் யார்டுக்கு. ஒரு நெழலு இல்ல. தகரமா கொட்டிக் கெடக்குது. பன்னெண்டு மணிக்கு அதும் நடுவுல நின்னா அடுப்புல நிக்கற மாதிரி கீது."

செங்கமலம் மோரை ஊற்றினாள்.

"இந்தாம்மே, நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணு நம்ம பொண்ணா? வாடகைக்கு வந்துது. இன்னும் ஆறு மாசத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சா மூட்டையக் கட்டிக்கினு ஊருக்குப் போய்டும். நாம இங்கயேதான கெடக்கணும்?"

"என் குடத்த எடுத்துகினு போய்த்தான்யா அடி வாங்குச்சு."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? எனக்கு இடுப்பு நல்லா இருந்திருந்தா அங்க நான்தான் நின்னிருப்பேன்."

"நீ நின்னிருந்தா அடிச்சிருக்க மாட்டான்."

"அதத்தான்யா நானும் சொல்றேன்," என்றாள் செங்கமலம். "நான் நின்னா அடிக்க மாட்டான். அந்தப் பொண்ணு நின்னா அடிப்பான். கேக்க நாதி இல்லன்னு தெரிஞ்சு அடிச்சிருக்கான். இப்ப நீயும் அதத்தான சொல்ற, நாதி இல்லன்னு."

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

இரண்டு நாள் கழித்து இசக்கிசெல்வியே வந்து நின்றாள். "அக்கா, வேண்டாம்க்கா. மனுவ வாபஸ் வாங்கிருவோம். அண்ணாச்சி வெயில்ல நிக்காவ. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"உனக்கு காது கேக்குதா?"

"ஒரு காது கேக்கு."

"இன்னொரு காது கேக்கட்டும், அப்ப வாபஸ் வாங்கலாம். போய்த் தூங்கு."

*

விசாரணை நோட்டீஸைப் பஞ்சாயத்து கிளார்க் ரத்தினம் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பஞ்சாயத்துக் கட்டடத்தில், யூனியனிலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பார்; மனுதாரர் தவறாமல் ஆஜராக வேண்டும்.

"ஏன் சார், அந்தப் பொண்ணுக்கு அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ரெண்டு மணிக்குத்தான் வெளிய வரும். சாயந்திரமா வெக்கக் கூடாதா?"

"ஆபீசர் டயத்துக்குத்தான் எல்லாரும் வரணும்."

"லீவு கேட்டா தர மாட்டாங்களே. கான்ட்ராக்ட்டே ஜீவானந்தத்துதுதான."

ரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது உள் விஷயம். எனக்குத் தெரியாது," என்றார்.

லீவு தரவில்லை. மற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் அதே ஷிப்ட். மீதிப் பேர் நைட் முடித்துவந்து, விசாரணைக்கு வந்தால் வேலை போய்விடும் என்று ஜீவானந்தத்தின் ஆட்கள் காதில் போட்டு வைத்ததில், ரூமைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். செங்கமலம் தனியாகப் போனாள்.

பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னால் அடுப்பு மூட்டி அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரித்த பெண்களில் கங்கம்மாளும் இருந்தாள். செங்கமலத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயத்துக்காகத்தான் இருக்கும். பதினொன்றரைக்கு ஜீவானந்தத்தின் டாடா சுமோ வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அதிகாரி இறங்கினார். கண்ணாடி போட்ட, தளர்ந்த மனிதர். கையில் தோல் பை. பின்சீட்டிலிருந்து ஜீவானந்தம் இறங்கி அந்தப் பையை வாங்கிக்கொண்டான்.

அதிகாரிக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி. ஜீவானந்தத்துக்குப் பக்கத்து நாற்காலி. செங்கமலத்துக்கு யாரும் எதுவும் போடவில்லை. நின்றாள்.

"மனுதாரர் இசக்கிசெல்வி?"

"வேலைக்குப் போயிருக்கு சார். லீவு குடுக்கல. வந்துரும். நான் ரெண்டாவது கையெழுத்து. என் வூட்லதான் கீது."

"நீங்க வீட்டு ஓனர். அடி வாங்கினவங்க அவங்கதானே?"

"ஆமா சார்."

"நீங்க பாத்தீங்களா, அடிச்சத?"

செங்கமலத்துக்குப் பொய் சொல்ல ஒரு கணம் போதும். சொல்லவில்லை. "அடிச்சு முடிச்சப்பறம் போனேன். பாத்தவங்க பின்னாடி வெங்காயம் உரிச்சுகினுகீறாங்க. கூப்ட்டுக் கேளுங்க."

அதிகாரி கூப்பிட்டார். கங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஏம்மா, கவுன்சிலர் யாரையாவது அடிச்சாரா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் குனிஞ்சிகினு இருந்தேன்."

"சரி, போங்க." அதிகாரி மனுவைத் திருப்பி அடியில் இருந்த கையெழுத்துகளில் பேனா முனையால் இறங்கினார். "மாடத்தி. மாரிசெல்வம். ஆறுமுகநயினார். நெல்லையப்பன். செல்லக்கனி... இவங்கள்லாம் யாரு?"

"எங்க ரூம்ல கீற புள்ளைங்க சார்."

"இவங்களுக்கு இந்த ஊர்ல ஓட்டு இருக்கா?"

"இல்ல சார்."

"ரேஷன் கார்டு?"

"அதெல்லாம் அவங்க ஊர்ல கீது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எப்படிம்மா? கவுன்சிலர்ங்கிறவர் இந்த வார்டு ஜனங்களுக்குப் பதில் சொல்லணும். ஒரு வாக்காளராவது புகார் குடுத்திருந்தா நான் கேக்கலாம். பதிமூணு பேரும் வெளி மாவட்டம். இது ஊர்ப் பிரச்சினையே இல்லைன்னு ஆகிடுதே. உங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூடப் போடலியே, ஏன்?"

"நான் ஊர்க்காரிதான் சார். எனக்கு ஓட்டு கீது. இவனுக்கே போட்டேன்."

ஜீவானந்தம் சிரித்தான். "அது வேறயா யக்கா? ரொம்ப தேங்ஸ்."

"சார், அவங்க இங்க வேல செய்றாங்க, இங்க வாடகை குடுக்கறாங்க, இங்க சோறு துன்றாங்க. ஓட்டு இல்லன்னா அடிக்கலாமா? சட்டத்துல அப்பிடி கீதா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"பின்ன இன்னா சார் சொல்றீங்க?"

"சார்," என்று ஜீவானந்தம் குறுக்கிட்டான். "பன்னெண்டரை ஆவுது. மொதல்ல சாப்ட்றலாம். சூடா கீது."

சாப்பிடப் போனார்கள். செங்கமலம் படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து எலும்பு தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. காலையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.  ரத்தினம் ஒரு தட்டில் கொஞ்சம் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "எடுத்துக்கோ, கோபம் வேற, சாப்பாடு வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எடுத்துகினு போங்க."

அப்போதுதான் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. இசக்கிசெல்வி இறங்கினாள். நீலக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. அதைக் கழற்றக்கூட மறந்து வெயிலில் ஓடிவந்தாள்.

"எப்பிடிடி வுட்டாங்க?"

"வுடலக்கா. வாந்தி வருதுன்னேன், போயி பாத்ரூம்ல எடுன்னாவ. நான் நேரா கேட்டுக்கு வந்துட்டேன். ஐடி கார்டப் புடுங்கி வச்சிக்கிட்டு, நாளைக்கு வராதன்னுட்டாவ." மூச்சு வாங்கியது. "ஆபீசர் போயிட்டாரா?"

"துன்னுகினுகீறாரு. நில்லு."

இருவரும் நின்றார்கள். வேலை போய்விட்டது என்பதை அந்தப் பெண் சொன்ன விதத்தைக் கேட்டுச் செங்கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் பசை ஒட்டியது.

*

அதிகாரி வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அறிக்கை தயாராக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்பே ரத்தினம் எழுதிவிட்டாரோ என்னவோ. "படிங்க," என்றார் அதிகாரி. முறைப்படி படித்துக் காட்டிவிட்டுத்தான் ஊர்ச் சாட்சி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரத்தினம் கோயிலில் படிப்பதுபோல் ராகமாகப் படித்தார்.

"'...மேற்படி மனு குறித்து நேரில் விசாரணை மேற்கொள்ளப்பட்டது. மனுதாரர் ஆஜராகவில்லை. சம்பவத்தை நேரில் கண்டதாக எவரும் சாட்சியம் அளிக்கவில்லை. மனுவில் கண்டுள்ள ஏனையோர் இவ்வூரைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆகவே...'"

"சார்," என்றாள் இசக்கிசெல்வி. "நான்தான் சார் மனுதாரர். வந்துட்டேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பதினொரு மணிக்கு வரலியேம்மா."

"பதினொண்ணுக்கு நீங்களும் வரலியே சார்," என்றாள் செங்கமலம்.

"நீதான் இசக்கிசெல்வின்னு எதாவது அத்தாட்சி இருக்கா?"

"கார்டக் கம்பெனில புடுங்கிக்கிட்டாவ."

"எனக்கு எப்படித் தெரியும் அப்ப?"

இசக்கிசெல்வி ஜீவானந்தத்தைப் பார்த்தாள். "அவியளக் கேளுங்க சார். அவியளுக்குத் தெரியும் நான் யாருன்னு."

ஜீவானந்தம் பல்லில் சிக்கிய இறைச்சியைக் குச்சியால் எடுத்துக்கொண்டே அவளை நன்றாக, நிதானமாகப் பார்த்தான். "தெரியலியே சார். ஊர்ல இந்த மாதிரி கோட்டு போட்டுகினு ஆயிரம் பொண்ணுங்க போவுது, வருது. எல்லாம் ஒரே மாதிரிதான் கீது."

   இசக்கிசெல்வியின் கை தானாக இடது காதின் மேல் போனது.

"சாட்சி யாருப்பா?" என்றார் அதிகாரி.

"ரெண்டு பேர வரச் சொல்லிருக்கேன் சார்," என்று ஜீவானந்தம் வாசல் பக்கம் கையசைத்தான். கங்கம்மாள் புருஷன் வந்து, தாளில் எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போனான். "இன்னொருத்தரு... வாண்ணே. உள்ள வாண்ணே."

அண்ணாதுரை உள்ளே வந்தான். யார்டிலிருந்து நேராகக் கூட்டிவந்திருப்பார்கள் போல. செக்யூரிட்டி சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெந்து கறுத்திருந்தது. செங்கமலத்தைப் பார்த்தான், உடனே மேசையைப் பார்த்தான்.

"போடுண்ணே," என்றான் ஜீவானந்தம். குரலில் அத்தனை அன்பு. "நாளையிலருந்து மெயின் கேட்டுக்கே போய்டலாம்."

அதிகாரி பேனாவை நீட்டினார். அண்ணாதுரை வாங்கினான். குனிந்தான். மனுதாரர் ஆஜராகவில்லை என்ற வரிக்கு மேலே அவன் கை வந்து நின்றது. அவன் பெண்டாட்டி இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. யார்டு வெயில் அவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று செங்கமலத்துக்குப் புரிந்தது. அதற்காக அவனை மன்னிக்க அவளால் முடியவில்லை.

ஒரு எட்டு வைத்து, அவன் விரல்களுக்கு இடையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தாள். பிடுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அவன் விட்டுவிட்டான்.

"ஏம்மா, ஏம்மா," என்று அதிகாரி எழுவதற்குள் தாளைத் தன் பக்கம் திருப்பி, 'ஆஜராகவில்லை' என்பதற்கு நேர் கீழே, குண்டு குண்டாக, அ. செங்கமலம் என்று போட்டாள். தேதியும் போட்டாள். பேனாவை இசக்கிசெல்வியிடம் கொடுத்தாள்.

"போடு."

"அக்கா..."

"வரலன்னு எழுதிக்கீறாங்க இல்ல? வராதவ கையெழுத்துப் போடு. கலெக்டரு பாக்கட்டும், வராதவளுக்குக் கை எங்கருந்து வந்துச்சுன்னு."

இசக்கிசெல்வி போட்டாள். கறுத்த விரல்கள் பட்ட இடத்தில் தாளிலும் கறை விழுந்தது.

"அரசாங்கப் பேப்பர்ம்மா இது," என்றார் அதிகாரி. கோபத்தைவிட அலுப்புதான் அதில் அதிகம். "பாழ் பண்ணிட்டியே. இப்ப நான் வேற எழுதணும்."

"எழுதுங்க."

"பேனாவக் குடு."

செங்கமலம் கொடுக்கவில்லை. ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே தன் சட்டைப் பையிலிருந்து தங்க நிறப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அதிகாரியிடம் நீட்டினான். அதிகாரி அதை ஒரு கணம் பார்த்தார். வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். ரத்தினம் புதுத் தாள் எடுத்து வைத்தார்.

முதல் வரி எழுதுகிற சத்தம் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. செங்கமலம் மேசையை ஒட்டி நெருங்கி நின்றாள். அவளுக்கு இந்தப் பக்கம் இசக்கிசெல்வி.

"நிதானமா எழுதுங்க சார்," என்றாள். "எழுதி முடிங்க. அதுலயும் போடுறோம்."